யுனிவர்சிட்டி சேலஞ்ச் போட்டியின் வெளியேற்றுச் சுற்றுகள்

யுனிவர்சிட்டி சேலஞ்ச் என்பது ஐக்கிய இராச்சியத்தில் பல்கலைக்கழக மாணவர் அணிகளுக்கு இடையே நடத்தப்படும் தொலைக்காட்சி வினாடி வினாப் போட்டி ஆகும். 1962 ஆம் ஆண்டு தொடங்கிய இப்போட்டி, 1994 முதல் பிபிசி டூ அலைவரிசையில் ஒளிபரப்பாகி வருகின்றது. ஒவ்வொரு பருவத்திலும் 28 அணிகள் பங்கேற்கின்றன. இவற்றிலிருந்து ஒரே ஒரு அணியைத் தேர்ந்தெடுக்க, தோற்ற அணி வெளியேறும் நாக்-அவுட் முறை பின்பற்றப்படுகின்றது. எனினும் இது முழுமையான நாக்-அவுட் முறை அன்று. இரண்டு இடங்களில் தோற்ற அணிக்கு மறுவாய்ப்பு வழங்கப்படுகின்றது. இக்கட்டுரை, இப்போட்டியின் பிந்திய சுற்றுகளான கால் இறுதி, அரையிறுதி, இறுதி ஆகியவை எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன, அவ்வாறு அமைத்ததன் காரணம் என்ன, அவற்றைத் தொடர்ந்து பார்ப்பவர் எவற்றைக் கவனிக்கலாம் என்பவற்றை விளக்குகின்றது.

தோற்றம்

அமெரிக்காவில் டான் ரீட் உருவாக்கிய காலேஜ் பௌல் என்னும் போட்டியே இதற்கு முன்னோடி. அது 1953 இல் வானொலியில் தொடங்கி, 1959 முதல் 1970 வரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதன் அமைப்பைத் தழுவி, மான்செஸ்டரில் இருந்த கிரானடா தொலைக்காட்சி நிறுவனம் ஐடிவி வலையமைப்புக்காக யுனிவர்சிட்டி சேலஞ்ச் நிகழ்ச்சியைத் தயாரித்தது. முதல் நிகழ்ச்சி 1962 செப்டம்பர் 21 அன்று ஒளிபரப்பானது. 1963 இல் லெஸ்டர் பல்கலைக்கழகம் முதல் பட்டத்தை வென்றது.

1962 முதல் 1987 வரை பேம்பர் காஸ்கோயின் வினா தொடுப்பவராக இருந்தார். 1987 இல் நிறுத்தப்பட்ட நிகழ்ச்சி, 1994 இல் பிபிசி டூ அலைவரிசையில் ஜெரமி பாக்ஸ்மனைக் கொண்டு மீண்டும் தொடங்கப்பட்டது. பாக்ஸ்மன் வினா தொடுத்த கடைசிப் பருவம் 2023 மே மாதத்தில் நிறைவுற்றது. அதே ஆண்டு சூலையில் கொல்கத்தாவில் பிறந்த ஊடகவியலாளர் அமோல் ராஜன் அப்பொறுப்பை ஏற்றார். 1994 இலிருந்து அணியின் பெயரையும் போட்டியாளரின் பெயரையும் அறிவிக்கும் குரல் ரோஜர் டில்லிங் என்பவருடையது. ஆட்டம் முடிவை நெருங்க நெருங்க அவரது குரலும் உயர்ந்து கொண்டே போவது நிகழ்ச்சியின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது.

ஆட்ட விதிகள்

பிந்திய சுற்றுகளைப் புரிந்துகொள்ள ஆட்ட விதிகளை முதலில் அறிதல் வேண்டும். ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகள் மோதுகின்றன. ஒவ்வோர் அணியிலும் நால்வர் இருப்பர். அவர்களுள் ஒருவர் அணித்தலைவர்.

தொடக்க வினா: இது இரு அணிகளுக்கும் பொதுவானது. பஸ்ஸர் பொத்தானை முதலில் அழுத்துபவர் விடை கூற வேண்டும். உடனிருப்போருடன் கலந்து பேசக் கூடாது. சரியான விடைக்கு 10 புள்ளிகள்.

இடைமறிப்பு: வினா முழுமையாகப் படிக்கப்படும் முன்னரே பஸ்ஸரை அழுத்தலாம். ஆனால் விடை தவறானால் 5 புள்ளிகள் கழிக்கப்படும். பின்னர் எதிரணிக்கு வினா முழுமையாகப் படிக்கப்படும். வினா முடிந்த பின் கூறும் தவறான விடைக்குத் தண்டம் இல்லை.

போனஸ் வினாக்கள்: தொடக்க வினாவுக்குச் சரியான விடை கூறிய அணிக்கு மட்டும் ஒரே பொருள் குறித்த மூன்று வினாக்கள் கேட்கப்படும். ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளிகள். இங்கு நால்வரும் கலந்து பேசலாம். விடையை அணித்தலைவர் கூறுவார்.

படச் சுற்றும் இசைச் சுற்றும்: ஓர் ஆட்டத்தில் இரண்டு படச் சுற்றுகளும் ஓர் இசைச் சுற்றும் இடம்பெறும்.

முடிவு: நேரம் முடிந்ததும் காண்டாமணி ஒலிக்கும். அப்போது ஒரு வினா பாதியில் இருந்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். புள்ளிகள் சமமாக இருந்தால் மேலும் தொடக்க வினா கேட்கப்படும். அதற்கு முதலில் சரியான விடை கூறும் அணி வெல்லும். அவ்வேளையில் இடைமறித்துத் தவறாகக் கூறினால், 5 புள்ளிகள் கழிவதால் அந்த அணியே தோற்றுவிடும்.

ஆகவே ஒரு தொடக்க வினாவும் அதன் மூன்று போனஸ் வினாக்களும் சேர்ந்து அதிக அளவாக 25 புள்ளிகளைத் தரும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் பின்தொடர்வது எளிது.

போட்டியின் கட்டமைப்பு

ஒரு பருவத்தில் மொத்தம் 37 ஆட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றின் பகுப்பு வருமாறு:

* முதல் சுற்று: 28 அணிகள், 14 ஆட்டங்கள்
* அதிகப் புள்ளி பெற்றுத் தோற்ற அணிகளின் சுற்று: 4 அணிகள், 2 ஆட்டங்கள்
* இரண்டாம் சுற்று: 16 அணிகள், 8 ஆட்டங்கள்
* கால் இறுதி: 8 அணிகள், 10 ஆட்டங்கள்
* அரையிறுதி: 4 அணிகள், 2 ஆட்டங்கள்
* இறுதி: 2 அணிகள், 1 ஆட்டம்

எட்டு அணிகள் கொண்ட வழக்கமான கால் இறுதிக்கு நான்கு ஆட்டங்களே போதும். இங்கு பத்து ஆட்டங்கள் நடப்பதற்கான காரணம் கீழே தனியே விளக்கப்பட்டுள்ளது.

வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்ற முறையில் ஒளிபரப்பாவதால் ஒரு பருவம் முடிய ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆகின்றன. கோடையில் தொடங்கும் பருவம் மறு ஆண்டின் இளவேனிற்காலத்தில் முடிவடையும். கால் இறுதி மட்டுமே பத்து வாரங்களை எடுத்துக்கொள்கின்றது. எனவே ஆகஸ்டு மாதத்தில் ஒருமுறை பார்த்த அணியை மீண்டும் பார்க்கப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டி வரலாம். தொடர்ந்து பார்ப்போர் பலர் அணிகளின் புள்ளிகளைக் குறித்து வைத்துக்கொள்வது இதனாலேயே.

தோற்றும் தொடரும் அணிகள்

முதல் சுற்றில் 14 அணிகள் வெல்கின்றன, 14 அணிகள் தோற்கின்றன. அடுத்த சுற்றுக்கு 16 அணிகள் தேவை. எஞ்சிய இரண்டு இடங்களுக்காக, தோற்ற அணிகளுள் அதிகப் புள்ளிகள் எடுத்த நான்கு அணிகள் தெரிவு செய்யப்பட்டு, அவற்றுக்கிடையே இரண்டு ஆட்டங்கள் நடத்தப்படுகின்றன.

இந்த ஏற்பாடு எண்ணிக்கையைச் சரிசெய்வதோடு நியாயத்தையும் ஓரளவு காக்கின்றது. குலுக்கலின் விளைவாக இரண்டு வலிமையான அணிகள் முதல் சுற்றிலேயே மோத நேர்ந்தால், தோற்ற அணிக்கு இது ஒரு கதவைத் திறந்து வைக்கின்றது. எனினும் இதில் ஒரு குறை உண்டு. தொடக்க வினாக்கள் இரு அணிகளுக்கும் பொதுவானவை. எதிரணி அவற்றைப் பறித்துக்கொண்டால் நமது அணிக்குப் போனஸ் வினாக்களே கிடைப்பதில்லை. மிக வலிமையான எதிரணியிடம் தோற்ற நல்ல அணி 100 புள்ளிகளில் நின்றுவிடக்கூடும். அதே வேளையில், நடுத்தரமான இரண்டு அணிகள் மோதிய ஆட்டத்தில் தோற்ற அணி 150 புள்ளிகளுடன் மறுவாய்ப்பைப் பெறக்கூடும். ஆக, தோற்ற அணியின் புள்ளி அதன் திறமையை மட்டும் காட்டுவதன்று. எதிரே அமர்ந்திருந்தவர்களின் வேகத்தையும் அது சேர்த்தே காட்டுகின்றது.

கால் இறுதி: இரு வெற்றி, இரு தோல்வி

2009-10 பருவத்தில் கால் இறுதியின் அமைப்பு மாற்றப்பட்டது. அதன்படி ஓர் அணி அரையிறுதிக்குச் செல்ல இரண்டு கால் இறுதி ஆட்டங்களில் வெல்ல வேண்டும். இரண்டு ஆட்டங்களில் தோற்றால் வெளியேற வேண்டும். இதன் செயற்பாடு வருமாறு:

1. எட்டு அணிகளும் நான்கு ஆட்டங்களில் மோதுகின்றன. நான்கு வெற்றியாளர், நான்கு தோற்றோர்.
2. வெற்றி பெற்ற நால்வரும் தமக்குள் இரண்டு ஆட்டங்களில் மோதுகின்றனர். இவற்றில் வெல்லும் இரண்டு அணிகள் நேரே அரையிறுதிக்குச் செல்கின்றன.
3. தோற்ற நால்வரும் தமக்குள் இரண்டு ஆட்டங்களில் மோதுகின்றனர். இவற்றில் தோற்கும் இரண்டு அணிகள் வெளியேறுகின்றன.
4. ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் பெற்ற நான்கு அணிகள் எஞ்சுகின்றன. இவை இரண்டு ஆட்டங்களில் மோதி, மீதமுள்ள இரண்டு அரையிறுதி இடங்களை நிரப்புகின்றன.

நான்கு, இரண்டு, இரண்டு, இரண்டு என மொத்தம் பத்து ஆட்டங்கள்.

இந்த அமைப்பின்படி பட்டம் வெல்ல ஓர் அணிக்குக் குறைந்தது ஆறு ஆட்டங்கள் தேவை. அதிக அளவாக எட்டு ஆட்டங்கள் தேவைப்படலாம். எட்டு ஆட்டங்கள் ஆடும் அணி, முதல் சுற்றில் ஒருமுறையும் கால் இறுதியில் ஒருமுறையும் தோற்றிருக்கும். அதாவது, இருமுறை தோற்ற அணியும் விதிகளின்படி வெற்றிக்கோப்பையைக் கையில் ஏந்த முடியும்.

மறுவாய்ப்பின் மதிப்பு

மறுவாய்ப்பு எந்த அளவுக்குப் பயன் தருகின்றது என்பதை எளிய நிகழ்தகவுக் கணக்கால் அறியலாம். ஓர் அணி எந்த எதிரணியையும் வெல்லும் வாய்ப்பு ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரே அளவினது எனக் கொள்வோம். இரண்டு தோல்விக்கு முன் இரண்டு வெற்றி பெறும் வாய்ப்பைக் கணக்கிட்டால் கீழ்க்காணும் எண்கள் கிடைக்கின்றன:

* ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 55 விழுக்காடு எனில், கால் இறுதியைக் கடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 57 விழுக்காடு
* 60 விழுக்காடு எனில், ஏறத்தாழ 65 விழுக்காடு
* 70 விழுக்காடு எனில், ஏறத்தாழ 78 விழுக்காடு
* 80 விழுக்காடு எனில், ஏறத்தாழ 90 விழுக்காடு

சமபலம் உள்ள அணிகளுக்கு இம்முறையால் பெரிய மாற்றம் இல்லை என்பதும், தெளிவான மேம்பாடு உடைய அணிக்கு அது நல்ல பாதுகாப்பு என்பதும் இதிலிருந்து விளங்கும்.

ஆனால் அரையிறுதியிலும் இறுதியிலும் இத்தகைய பாதுகாப்பு இல்லை. அங்கு ஒரே தோல்வியுடன் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வோர் ஆட்டத்திலும் 70 விழுக்காடு வாய்ப்புள்ள அணியை எடுத்துக்கொள்வோம். கால் இறுதியிலிருந்து எல்லாமே ஒற்றை ஆட்டங்களாக இருந்தால், அது பட்டம் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 34 விழுக்காடு. இப்போதைய முறையில் அது ஏறத்தாழ 38 விழுக்காடாக உயர்கின்றது. எட்டு அணிகளுள் தெளிவாக முன்னிற்கும் ஓர் அணிகூட, மூன்று பருவங்களில் ஏறத்தாழ இரண்டு பருவங்கள் என்ற அளவில் பட்டத்தை இழக்கும் என்பதே இதன் பொருள்.

ஆகவே வெளியேற்றுச் சுற்றுகளின் முடிவை அறிவின் தரவரிசையாகக் கொள்ள இயலாது. அன்றைய அரை மணி நேரத்தில், அன்று கேட்கப்பட்ட வினாக்களுக்கு, அன்று எதிரே அமர்ந்திருந்த அணியை விட வேகமாகவும் பிழையின்றியும் விடை கூறியவர் யார் என்பதையே அது கூறுகின்றது. போட்டியின் அமைப்பாளர்கள் சேர்த்துள்ள மறுவாய்ப்புகள் நற்பேற்றின் பங்கைக் குறைக்கின்றனவே தவிர, அதனை நீக்குவதில்லை.

அரையிறுதியும் இறுதியும்

முந்திய சுற்றுகளைக் காட்டிலும் பிந்திய சுற்றுகளில் வினாக்கள் கடினமாக இருக்கும். அணிகளின் வலிமையும் ஏறத்தாழச் சமமாகிவிடும். இருந்தும் இறுதி ஆட்டங்களின் முடிவுகள் ஒரே வகையாக அமைவதில்லை. சில இறுதி ஆட்டங்களின் முடிவுகள் வருமாறு:

* 2013: மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 190, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 140
* 2016: பீட்டர்ஹவுஸ், கேம்பிரிட்ஜ் 215, செயிண்ட் ஜான்ஸ், ஆக்ஸ்போர்டு 30
* 2018: செயிண்ட் ஜான்ஸ், கேம்பிரிட்ஜ் 145, மெர்ட்டன், ஆக்ஸ்போர்டு 100
* 2019: எடின்பரோ பல்கலைக்கழகம் 155, செயிண்ட் எட்மண்ட் ஹால், ஆக்ஸ்போர்டு 140
* 2022: இம்பீரியல் கல்லூரி, லண்டன் 235, ரெடிங் பல்கலைக்கழகம் 55
* 2023: டர்ஹம் பல்கலைக்கழகம் 155, பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 120
* 2024: இம்பீரியல் கல்லூரி, லண்டன் 285, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 120
* 2025: கிறைஸ்ட்ஸ், கேம்பிரிட்ஜ் 175, வாரிக் பல்கலைக்கழகம் 170

2025 இறுதியில் இரு அணிகளையும் பிரித்தது 5 புள்ளிகள் மட்டுமே. அது ஒரு போனஸ் வினாவின் மதிப்பு. தவறான ஓர் இடைமறிப்புக்கான தண்டமும் அதே அளவுதான். மறுபுறம் 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் இறுதி ஆட்டங்கள் ஒருதலைப்பட்சமாக அமைந்தன. பல வெற்றிகளைக் கடந்து இறுதிக்கு வந்த ஓர் அணி 30 புள்ளிகளில் நின்றுவிட்டதைக் கண்டு, அதனை வலுவற்ற அணி என்று கருதுதல் பிழையாகும். 2009 கால் இறுதியிலும் இவ்வாறே கார்ப்பஸ் கிறிஸ்டி, ஆக்ஸ்போர்டு அணி 350 புள்ளிகள் எடுக்க, எக்சிட்டர் பல்கலைக்கழக அணி 15 புள்ளிகளே பெற்றது. தொடக்க வினாக்களை ஓர் அணி தொடர்ந்து கைப்பற்றினால் மற்ற அணிக்குப் பேசவே வாய்ப்பில்லாமல் போய்விடும் என்பதற்கு இவை சான்றுகள்.

மோட்லின், ஆக்ஸ்போர்டு அணி 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வென்று, பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட முதல் அணி ஆனது. மான்செஸ்டர் 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் அதே சாதனையைச் செய்தது. இம்பீரியல் கல்லூரி 1996, 2001, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வென்று, ஐந்து பட்டங்களை எட்டிய முதல் நிறுவனமாயிற்று.

பட்டம் வெல்லாதவர்களும் நினைவில் நிற்பதுண்டு. 2017 ஆம் ஆண்டின் அரையிறுதியில் எரிக் மாங்க்மன் தலைமையிலான வுல்ஃப்சன், கேம்பிரிட்ஜ் அணியும், பாபி சீகல் தலைமையிலான இம்மானுவேல், கேம்பிரிட்ஜ் அணியும் மோதின. வுல்ஃப்சன் வென்றது. ஆயினும் இறுதியில் அது பேலியல், ஆக்ஸ்போர்டு அணியிடம் 140-190 எனத் தோற்றது. பின்னர் இவ்விரு தலைவர்களும் இணைந்து ஒரு வினாடி வினா நூலை வெளியிட்டனர்.

பார்வையாளர் கவனிக்கத்தக்கவை

பிந்திய சுற்றுகளைப் பார்ப்பவர், விடைகள் தமக்குத் தெரிகின்றனவா என்பதோடு நின்றுவிடாமல் கீழ்க்காண்பவற்றையும் கவனித்தால் ஆட்டம் தெளிவாக விளங்கும்.

போனஸ் வினாக்களில் வெற்றி விகிதம்: பஸ்ஸர் வேகமும் அறிவின் பரப்பும் வேறு வேறானவை. ஒரு கற்பனை ஆட்டத்தில் முதல் அணி 8 தொடக்க வினாக்களுக்கும் 24 போனஸ் வினாக்களுள் 20 வினாக்களுக்கும் சரியாக விடை கூறினால் 180 புள்ளிகள் பெறும். இரண்டாம் அணி 10 தொடக்க வினாக்களுக்கும் 30 போனஸ் வினாக்களுள் 12 வினாக்களுக்கும் மட்டும் சரியாக விடை கூறினால் 160 புள்ளிகளே பெறும். தொடக்க வினாக்களில் முந்திய அணி ஆட்டத்தில் தோற்றுவிடுகின்றது. முந்திய சுற்றுகளில் ஓர் அணியின் போனஸ் விகிதத்தைக் குறித்து வைத்தவர், வெறும் மொத்தப் புள்ளிகளைப் பார்த்தவரை விட அவ்வணியை நன்கு மதிப்பிட முடியும்.

புள்ளிகளின் பகிர்வு: நான்கு பேரில் ஒருவரே பெரும்பாலான தொடக்க வினாக்களுக்கு விடை கூறும் அணிகள் உண்டு. அத்தகைய அணி முந்திய சுற்றுகளில் எளிதில் வெல்லலாம். ஆனால் அவ்வொருவருக்கு இணையான வேகமுடைய ஒருவர் எதிரணியில் இருந்தால் நிலைமை மாறிவிடும். துறைகள் பகிர்ந்து அமைந்த அணி, அதாவது ஒருவர் இயற்பியல், ஒருவர் இலக்கியம், ஒருவர் வரலாறு, ஒருவர் இசையும் ஓவியமும் என அமைந்த அணி, இத்தகைய அதிர்ச்சியைத் தாங்கக்கூடியது.

இடைமறிப்புத் துணிவு: நன்கு ஆடும் அணிகள் மோதும்போது வினா முடியும் வரை காத்திருப்பவருக்கு வாய்ப்புக் கிட்டுவதில்லை. எனவே பிந்திய சுற்றுகளில் இடைமறிப்புகள் இன்றியமையாதவை ஆகின்றன. வினாவின் தொடக்கத்தில் பல விடைகளுக்கு இடமிருக்கும். ஒவ்வொரு சொல்லும் படிக்கப்படும்போது அவை குறைந்துகொண்டே வரும். விடை ஒன்றாகச் சுருங்கும் அந்தச் சொல்லை முன்கூட்டியே உணர்வதுதான் இவ்வாட்டத்தின் நுட்பம்.

இடைவெளிக் கணக்கு: கடைசி ஐந்து நிமிடங்களில் 25 என்ற எண் உதவும். 60 புள்ளிகள் பின்தங்கிய அணிக்கு, எதிரணி மேலும் புள்ளி எடுக்காவிட்டாலும், முந்துவதற்குக் குறைந்தது மூன்று தொடக்க வினாக்கள் வேண்டும். 30 புள்ளிகள் பின்தங்கிய அணி, ஒரு முழுத் தொகுப்பை வென்று, எதிரணி ஒருமுறை தவறாக இடைமறித்தாலே சமநிலையை எட்டிவிடும். ஆகையால் முன்னிலையில் உள்ள அணி அவசரப்படாமல் இருப்பதும், பின்தங்கிய அணி போனஸ் விடைகளை நீண்ட நேரம் ஆலோசிக்காமல் விரைந்து கூறுவதும் முறையான உத்திகளாகும். விடை தெரியாத போனஸ் வினாவை உடனே விட்டுவிட்டு அடுத்த தொடக்க வினாவுக்குச் செல்லும் அணித்தலைவர் தமது அணிக்கு நேரத்தைச் சேமித்துத் தருகின்றார்.

2009 இறுதியும் தகுதி விதியும்

ஆட்டங்கள் ஒளிபரப்புக்குப் பல மாதங்கள் முன்னரே பதிவு செய்யப்படுகின்றன. 2013 வரை மான்செஸ்டரில் இருந்த கிரானடா படப்பிடிப்பகத்தில் பதிவுகள் நடைபெற்றன. பின்னர் அவை அருகிலுள்ள சால்ஃபோர்டு ஊடக நகருக்கு மாறின. ஒரு பருவத்தின் முந்திய சுற்றுகள் ஒரு கல்வியாண்டிலும், பிந்திய சுற்றுகள் அடுத்த கல்வியாண்டிலும் பதிவாக நேரும்போது ஒரு சிக்கல் எழலாம். அதனை வெளிப்படுத்தியது 2008-09 பருவம்.

அப்பருவத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி, ஆக்ஸ்போர்டு அணியும் அதன் தலைவர் கெயில் டிரிம்பிளும் பெரும் புகழ் அடைந்தனர். அணியின் புள்ளிகளில் பெரும்பங்கு டிரிம்பிள் ஈட்டியது. 2009 பிப்ரவரி 23 அன்று ஒளிபரப்பான இறுதி ஆட்டத்தில் அவ்வணி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தை 275-190 என வென்றது. ஆனால் அணி உறுப்பினர் ஒருவர் பிந்திய சுற்றுகள் பதிவானபோது மாணவராக இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. மேற்படிப்பைத் தொடர எண்ணியிருந்த அவருக்கு நிதியுதவி கிட்டாததால் அவர் பணியில் சேர்ந்துவிட்டிருந்தார். பதிவுக் காலம் முழுவதும் போட்டியாளர் மாணவராக இருக்க வேண்டும் என்பது விதி. 2009 மார்ச்சு 2 அன்று கார்ப்பஸ் கிறிஸ்டி அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டு, பட்டம் மான்செஸ்டருக்கு வழங்கப்பட்டது.

இந்நிகழ்வு வெளியேற்றுப் போட்டிகளின் ஒரு பொதுச் சிக்கலையும் காட்டுகின்றது. தகுதியற்றதாக அறிவிக்கப்பட்ட அணியிடம் இறுதியில் தோற்ற அணிக்குப் பட்டம் கிடைத்தது. அதே அணியிடம் அதற்கு முந்திய சுற்றுகளில் தோற்று வெளியேறிய அணிகளுக்கு எந்த மீட்பும் கிடைக்கவில்லை. எல்லோரும் எல்லோருடனும் மோதும் சுழல்முறைப் போட்டியில் ஓர் அணியின் முடிவுகளை நீக்கிவிட்டு எஞ்சியவற்றைக் கணக்கிடலாம். வெளியேற்றுப் போட்டியில் ஒவ்வொரு முடிவும் அடுத்ததைத் தாங்கி நிற்பதால் அவ்வாறு செய்ய இயலாது.

கல்லூரி, பல்கலைக்கழகம்: நீடிக்கும் சர்ச்சை

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய பல்கலைக்கழகங்களின் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனி அணியை அனுப்பலாம். மான்செஸ்டர், வாரிக், டர்ஹம் போன்றவை பல்கலைக்கழகத்துக்கு ஓர் அணியை மட்டுமே அனுப்புகின்றன. இவ்வேற்றுமையை எதிர்த்து 1975 இல் மான்செஸ்டர் அணியினர், வினா எதுவாயினும் மார்க்ஸ், லெனின், டிராட்ஸ்கி, சே குவேரா போன்ற பெயர்களையே விடையாகக் கூறித் தமது எதிர்ப்பைக் காட்டினர். பின்னாளில் இதழாளராக அறியப்பட்ட டேவிட் ஆரனோவிச் அவ்வணியில் ஒருவர்.

இவ்விதிக்கு இருவகை விளக்கங்கள் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்தின் பல அணிகள் களத்தில் இருந்தால், அவற்றுள் ஒன்று பிந்திய சுற்றுகளை அடையும் வாய்ப்பு மிகும் என்பது ஒரு பக்கம். சில நூறு மாணவர்களே உள்ள ஒரு கல்லூரி, பல்லாயிரம் மாணவர்களிலிருந்து நால்வரைத் தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகத்தை எதிர்கொள்ள வேண்டியுள்ளது என்பது மறுபக்கம். 2025 இறுதி இத்தகைய மோதலுக்கு ஓர் எடுத்துக்காட்டு.

பிற போட்டிகளுடன் ஒப்பீடு

1972 இல் பிபிசியில் தொடங்கிய மாஸ்டர்மைண்ட் தனிநபர் போட்டியாகும். அதன் அண்மைக்காலப் பருவங்களில் முதல் சுற்றில் 24 ஆட்டங்களும், பின்னர் ஆறு அரையிறுதிகளும், ஆறு பேர் பங்கேற்கும் ஓர் இறுதியும் நடைபெற்றுள்ளன. ஒவ்வொருவருக்கும் தனி வினாக்கள் கேட்கப்படுவதால் அங்கு பஸ்ஸர் இல்லை. ஒருவரின் வேகம் மற்றவரின் வாய்ப்பைப் பறிப்பதில்லை. 2008 இல் தொடங்கி, விக்டோரியா கோரன் மிட்சல் நடத்தும் ஒன்லி கனெக்ட் போட்டியும் தோற்ற அணிகளுக்கு மறுவாய்ப்பு அளிக்கும் முறையைக் கையாண்டுள்ளது.

யுனிவர்சிட்டி சேலஞ்ச் பிற நாடுகளுக்கும் பரவியது. நியூசிலாந்தில் 1976 முதல் 1989 வரை அதன் பதிப்பு ஒளிபரப்பாகி, 2014 இல் மீண்டும் தொடங்கப்பட்டது. இந்தியப் பதிப்பை 2000களின் முற்பகுதியில் பிபிசி வேர்ல்டு அலைவரிசைக்காகச் சித்தார்த்த பாசு நடத்தினார்.

வெளியேற்று முறையின் ஈர்ப்பு

28 அணிகளும் ஒன்றையொன்று ஒருமுறை சந்திக்க வேண்டுமானால் 378 ஆட்டங்கள் தேவைப்படும். வாரத்துக்கு ஒன்றாக ஒளிபரப்பினால் அது முடிய ஏழு ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் போட்டியாளர்கள் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவர். 37 ஆட்டங்களில் ஒரு முடிவை எட்டுவதற்காக ஓரளவு துல்லியத்தை விட்டுக்கொடுப்பதே வெளியேற்று முறை. அந்த விட்டுக்கொடுப்பே பார்வையாளரைக் கட்டிப்போடுவதும் ஆகும். சிறந்த அணி உறுதியாக வெல்லும் என்ற நிலை இருந்தால் இறுதி ஆட்டத்தைப் பார்க்கத் தேவையே இராது. காண்டாமணி ஒலிக்கும் வரை ஐந்து புள்ளிகளில் எதுவும் மாறக்கூடும் என்பதால்தான், விடைகளில் பலவற்றை அறியாதவர்களும் அந்த அரை மணி நேரத்தை இமைக்காமல் பார்க்கின்றனர்.